எட்டுப் போடும் முன்னர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் கிளையின் கடன் பிரிவில் என் எதிரே ஒரு தாயும் பத்தொன்பது வயது மகனும் அமர்ந்திருந்தார்கள். கல்லூரி செல்ல மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும். அதற்குக் கடன் வேண்டும். வருமானச் சான்றும் விலைப்பட்டியலும் ஒழுங்காக இருந்தன. "தம்பி, ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா?" என்று கேட்டேன். "வண்டி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், சார்" என்றான். உரிமம் முதலில், வண்டி பிறகு என்பதை நான் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த தாயார், "சார் உரிமத்தைக் கொஞ்சம் காட்டுங்கள், இவன் பார்க்கட்டும்" என்றார்.

பெருமையுடன் எடுத்துக் காட்டினேன். பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது 2022ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதே" என்றான்.

நான் 2002ஆம் ஆண்டு, பி.காம். இறுதியாண்டு படிக்கையில் பெற்ற உரிமம் அது. இருபது ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது தெரியும். அந்த இருபது ஆண்டுகள் கடந்துபோனதுதான் தெரியவில்லை. ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் உரிமமின்றியே வங்கிக்கு வந்துபோயிருக்கிறேன். வாடிக்கையாளர்களின் வைப்புத்தொகை முதிர்வு நாளை நினைவூட்டுவதே தொழிலாகக் கொண்டவன், தன் உரிமத்தின் முதிர்வு நாளை மறந்திருந்தேன். உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால், சட்டப்படி ஓட்டுத் தேர்வில் மீண்டும் தேறினால்தான் அது புதுப்பிக்கப்படும். எனவே நாற்பத்திரண்டாம் வயதில் நானும் எட்டுப் போடச் சென்றேன். அந்த அனுபவத்தையும், அதற்காகத் திரட்டிய விவரங்களையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமமும் காப்பீடும்

உரிமமின்றி ஓட்டினால் அபராதம் என்பதை அனைவரும் அறிவர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, அந்த அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், அந்த வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தும், பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் மறுப்பும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

ஆயினும் ஒரு வங்கி அலுவலனாக நான் அஞ்சுவது அபராதத்தை அன்று. காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள "ஓட்டுநர்" என்னும் பிரிவையே அஞ்சுகிறேன். விபத்து நிகழும் வேளையில் ஓட்டியவர் செல்லத்தக்க உரிமம் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதன் விளைவுகள் மூன்று.

முதலாவது, வண்டிக்கு ஏற்பட்ட சேதத்திற்கான இழப்பீடு மறுக்கப்படலாம். வண்டி நொறுங்கிப் போயிருக்கும். மாதத் தவணை மட்டும் தொடரும்.

இரண்டாவது, உரிமையாளரும் ஓட்டுநருமானவருக்குரிய தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018இல் இத்தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத் தலைவர் விபத்தில் இறக்க நேர்ந்தால், அவரை நம்பியிருப்போர்க்குச் சேர வேண்டிய தொகை இது. செல்லத்தக்க உரிமம் இல்லையெனில் இதுவும் இல்லை.

மூன்றாவது, நம் வண்டியால் பிறருக்கு நேர்ந்த தீங்கு. இத்தகைய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டை வழங்கிவிட்டு, நிபந்தனையை மீறிய உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. 2004ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. பல லட்ச ரூபாய் பொறுப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தலையில் இவ்வாறு வந்து விழக்கூடும்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டின் ஒரு பகுதியிலும் அடுத்த ஆண்டு முழுவதிலும் எனக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், என் மனைவி அந்த 15 லட்சத்திற்கு விண்ணப்பித்து வெறுங்கையுடன் திரும்பியிருப்பார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பழகுநர் உரிமம்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் படி பழகுநர் உரிமம். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி குறித்த சுய அறிவிப்பு ஆகியவை தேவை. என்னைப் போல் நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவரின் சான்றும் இணைக்க வேண்டும்.

சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றிய கேள்விகளுக்கு, நூற்றுக்கு அறுபது விழுக்காடாவது சரியாக விடையளித்தால் பழகுநர் உரிமம் கிடைக்கும். இது ஆறு மாதங்களுக்குச் செல்லும். முப்பது நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குச் செல்ல இயலும். அந்த முப்பது நாள்கள் காத்திருப்பதற்கு அல்ல, பழகுவதற்கே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்துப் பலகை இருத்தல் வேண்டும். அது பதினெட்டு சென்டிமீட்டர் சதுர அளவினது. பயிற்றுநரைத் தவிர வேறு எவரையும் பின்னிருக்கையில் ஏற்றக் கூடாது. இவ்விரண்டும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் மூன்றாம் விதியில் அடங்கியவை. காப்பீட்டுப் பத்திரம் பழகுநர் உரிமத்தை ஏற்கிறது. ஆனால் அந்த மூன்றாம் விதியைப் பின்பற்றினால் மட்டுமே ஏற்கிறது. நண்பனைப் பின்னால் ஏற்றிச் செல்லும் பழகுநர், காப்பீட்டின் நிழலிலிருந்து தாமாகவே வெளியேறுகிறார்.

இங்கு இரு குறிப்புகள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர், அதைக் கொண்டு கியர் உள்ள வண்டியை ஓட்ட இயலாது. கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவர் இரண்டையும் ஓட்டலாம். அடுத்து, மின்சார ஸ்கூட்டருக்கு உரிமமே தேவையில்லை என்று எண்ணிக் கடன் கேட்டு வருவோர் பலர். திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட சிறு வண்டிகளுக்கே அந்தச் சலுகை. ஏனைய மின்சார வண்டிகளுக்கு உரிமமும் பதிவும் காப்பீடும் கட்டாயம்.

எட்டின் இலக்கணம்

'எட்டுப் போடுதல்' என்று நாம் கூறும் தேர்வு, எண் எட்டின் வடிவில் வரைந்த பாதையில் காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டுவதாகும். ஒரு வட்டம் வலப்புறம் திரும்புகிறது, மற்றொன்று இடப்புறம். இரண்டும் சந்திக்கும் நடுவிடத்தில் வண்டியின் சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறியாக வேண்டும். ஓரளவு வேகத்தில் செல்லும் வண்டி தன் ஓட்டத்தினாலேயே நிமிர்ந்து நிற்கும். நடை வேகத்தில் அதை நிமிர்த்தி வைப்பவர் ஓட்டுநர் மட்டுமே. ஆகவே இத்தேர்வு அளப்பது வேகத்தை அன்று, கட்டுப்பாட்டை.

இதை உணராமல் நான் முதல் நாள் தவறினேன். எனக்கு முன்னர், கல்லூரி மாணவி ஒருவர் நிதானமாக எட்டை முடித்துச் சென்றார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்ற எண்ணத்துடன் நான் புறப்பட்டேன். முதல் வட்டம் நன்றாகவே சென்றது. இரண்டாம் வட்டத்தில் ஓரத்துக் கல்லில் இடித்துவிடுவோமோ என்று அந்தக் கல்லையே பார்த்தேன். வண்டியும் அதை நோக்கியே சென்றது. கால் தரையில் பட்டது. மோட்டார் வாகன ஆய்வாளர் கடிந்துகொள்ளவில்லை. "வேகமாக எல்லோரும் ஓட்டுவார்கள், சார். மெதுவாக ஓட்டிப் பழகிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

தவறியவர் ஏழு நாள்கள் கழித்து மீண்டும் முயலலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள்கள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாள்களும், காலை வேளையில் வீட்டருகே உள்ள காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு வட்டங்கள் வரைந்து பயின்றேன். அதில் கற்றவை இவை.

1. கண் செல்லும் இடத்திற்கே வண்டி செல்லும். முன்சக்கரத்தையோ ஓரக் கல்லையோ பார்க்காமல், அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண்ணோடு தலையும் திரும்ப வேண்டும்.

2. முதல் கியரே போதும். ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு திருகி ஒரே நிலையில் வைத்து, கிளட்சைப் பாதி பிடித்த நிலையில் வேகத்தை ஆள வேண்டும். கிளட்சை முழுவதும் பிடித்தால் வண்டி உந்துவிசை இழந்து சாயும்.

3. வேகத்தைக் குறைக்கப் பின்சக்கர பிரேக்கை மட்டும் மெல்லத் தொட வேண்டும். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அங்கேயே விழும். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாமையால், இடக்கை பிரேக்கை இலேசாகத் தொட்டபடி ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்தல் வேண்டும்.

4. முழங்கால்கள் வண்டியின் தொட்டியை ஒட்டியிருக்க வேண்டும்; தோள்களும் கைகளும் தளர்ந்திருக்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றியவருக்கு எட்டு வருவதில்லை.

5. முதலில் பெரிய வட்டம். அது கைவந்த பின்னர் சிறியது. நாளுக்கு இருபது நிமிடம் போதும். இடைவிடாமல் பயில்வதே முக்கியம்.

எட்டோடு தேர்வு முடிவதில்லை. புறப்படுமுன் கண்ணாடியையும் பின்புறத்தையும் பார்த்தல், சைகை காட்டுதல், கியரை ஒழுங்காக மாற்றுதல், சொன்ன இடத்தில் நிறுத்துதல் ஆகியவற்றையும் ஆய்வாளர் கவனிப்பார். நேராகச் செல்லும்போது நிறுத்த வேண்டுமெனில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே உள்ளது. பல ஊர்களில் இப்போது கேமராக்களும் உணர்விகளும் பொருத்திய தானியங்கித் தேர்வுத் தடங்கள் வந்துவிட்டன. அங்கே கால் ஊன்றுவதும் ஓரத்தைத் தொடுவதும் தாமாகவே பதிவாகிவிடும்.

தேர்வு நாளன்று பழகுநர் உரிமம், விண்ணப்ப ரசீது, வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். எந்த வகை வண்டிக்கு உரிமம் கோருகிறோமோ, அந்த வகை வண்டியையே கொண்டு செல்ல வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை அணிந்து, அதன் பட்டையையும் மாட்டியிருக்க வேண்டும். சீருடைக் காவலர் இல்லாத சாலையிலும் நம் தலைக்குக் காவல் அதுவே.

கட்டணமும் குறுக்குவழியும்

மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்திற்கு 150 ரூபாய், ஓட்டுத் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமம் வழங்க 200 ரூபாய் என்பது அடிப்படைக் கட்டணம். மாநிலங்கள் சேவைக் கட்டணம் சேர்ப்பதால் தொகை சற்று மாறும். இதைப்போல் பல மடங்கு பணம் பெற்றுக்கொண்டு, "ஓட்டிக் காட்டாமலே வாங்கித் தருகிறோம்" என்போரை அணுக வேண்டாம். அவர்கள் அட்டையைத் தரக்கூடும். மழை நாளில் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே சமநிலை இழக்காமல் ஓட்டும் திறனை எவரும் விற்க இயலாது.

முதிர்வு நாளை மறவாதீர்

இப்போதைய சட்டப்படி, முப்பது வயதுக்குள் பெறும் உரிமம் நாற்பது வயது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் பெறுவது பத்தாண்டுகளுக்கும், ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் பெறுவது அறுபது வயது வரையிலும், அதன் பின்னர் பெறுவது ஐந்தாண்டுகளுக்கும் செல்லும். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு வரையிலும் தேர்வின்றிப் புதுப்பிக்கலாம். ஆனால் முடிந்த நாளுக்கும் புதுப்பித்த நாளுக்கும் இடையில் ஓட்டியது, உரிமமின்றி ஓட்டியதே ஆகும்.

எட்டாம் நாள் நான் மீண்டும் சென்றேன், மெதுவாக ஓட்டினேன், தேறினேன். அந்தப் பையனும் முப்பது நாள்கள் பழகி, உரிமம் பெற்ற பின்னரே கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டான். தன் உரிமத்தை என்னிடம் காட்டிவிட்டு, "சார் உங்களுடையது?" என்று கேட்டான். எடுத்துக் காட்டினேன். இம்முறை தேதி சரியாக இருந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்விதழை மூடி வைக்குமுன் உங்கள் பணப்பையிலுள்ள உரிமத்தை எடுத்து, அதன் இறுதி நாளைப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் அனைவரின் உரிமங்களையும் அவ்வாறே பார்த்து, அந்த நாள்களைக் காப்பீட்டுத் தவணை நாளுக்கு அருகே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.