இலுப்பையின் சுற்றத்தார்

இரணைமடுக் குளக்கட்டில் மாலை வேளையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பும், அதற்கப்பால் கருமை படர்ந்த காட்டுக் கோடுமே தோன்றும். கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டிலே தொடங்கி 1921 இல் முடிக்கப்பெற்ற இக்குளமே வடமாகாணத்துக் குளங்களிற் பெரியது. இதன் நீரை நம்பியே 1936 இல் கிளிநொச்சியிற் குடியேற்றம் எழுந்தது. அந்த நெல் வயல்களின் வரலாற்றைப் பலர் எழுதிவிட்டனர். நாம் இன்று சொல்லப் புகுவது இந்நிலத்து இரு மரங்களின் கதை. ஆற்றங்கரையில் நிற்பது இலுப்பை. மேட்டுக் காட்டில் நிற்பது பாலை.

இரண்டும் ஒரே குடும்பத்தவை என்று சொன்னால் நம்பாதவர் பலர். இலுப்பை இலை நீண்டு கிளை நுனியிற் கொத்தாக நிற்கும். பாலையின் இலை சிறியது, தடித்தது. ஒன்றன் பூவைச் சர்க்கரைக்குப் பதிலாக எண்ணினார்கள். மற்றதன் பழத்தை மனிதரும் கரடியும் போட்டியிட்டு உண்டார்கள். ஆயினும் இரண்டில் எதன் இலையைக் கிள்ளினாலும் வெள்ளைப் பால் கசியும். விதையைப் பார்த்தால் ஐயமே எழாது: பழுப்பு நிறத்தில் மெருகிட்டாற்போற் பளபளக்கும் ஓடு, அதன் ஒருபுறத்தே மெருகில்லாத வெளிறிய வடு. அவ்வடுவே குடும்பக் குறி. நம் வீட்டுத் தோட்டத்துச் சப்போட்டாப் பழத்தைப் பிளந்து பாருங்கள். அதே விதை, அதே வடு. முன்னோர் அதற்குச் ‘சீமையிலுப்பை’ என்று பெயரிட்டது வெறும் கற்பனையன்று. இந்தியாவிலே சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவோர் அடிமரமாகக் கொள்வது நமது பாலையைத்தான். உறவு இல்லாவிடின் ஒட்டு ஏறுமோ?

பாலைப்பழ காலத்தில் எங்கள் ஆச்சி எண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டுதான் பழக் கடகத்தைத் திறப்பார். “தின்ன முன்னம் உதட்டிலே கொஞ்சம் எண்ணெய் பூசு மோனை. இல்லாட்டி வாய் ஒட்டிப்போம்” என்பார். பழத்திலுள்ள பால் றப்பரைப் போன்றது. நீரிற் கரையாது, எண்ணெய்க்கே இளகும். இரசாயனம் படித்த பின்னரே ஆச்சி சொன்னதன் காரணம் எனக்குப் புரிந்தது. அந்தப் போத்தலில் இருந்தது நல்லெண்ணெய். விளக்குக்கென்று மற்றொரு போத்தல் உண்டு; அது இலுப்பெண்ணெய். மார்கழிக் குளிரில் நல்லெண்ணெய் தெளிவாகவே இருக்க, இலுப்பெண்ணெய் கலங்கித் தடித்து, சில விடியற்காலைகளில் நெய்போல் உறைந்து கிடக்கும். ஏன் ஒன்று உறைகிறது, மற்றது உறையவில்லை என்ற கேள்வியே விதையெண்ணெய் ஆராய்ச்சி முழுவதற்கும் வாசற்படி.

எண்ணெய் என்பது ஒரு பொருளன்று. பல கொழுப்பமிலங்கள் கிளிசரினோடு கூடி நிற்கும் கூட்டம். இதனை முதன்முதல் தெளிவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் செவ்ரேல். 1823 இல் வெளிவந்த அவரது நூல் விலங்குக் கொழுப்புக்களைப் பற்றியது. நமக்கு வேண்டிய அமிலங்கள் நான்கு. பாமிற்றிக் அமிலம் 16 காபன் அணுக்கள் கோத்த சங்கிலி. ஸ்ரியறிக் அமிலம் 18 அணுக்கள் கொண்டது. இவ்விரண்டும் நேரானவை. ஒலெயிக் அமிலமும் 18 அணுக்களே. ஆனால் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அவ்விடத்தில் முடம் விழுந்திருக்கும். லினோலெயிக் அமிலத்தில் அத்தகைய முடம் இரண்டு. நேரான விறகை அடுக்கினால் இறுக அமையும். வளைந்த விறகு இடைவெளி விட்டே கிடக்கும். நேர்ச்சங்கிலி மிகுந்த எண்ணெய் உறைவதும், முடச்சங்கிலி மிகுந்தது ஒழுகுவதும் இவ்வளவே.

இலுப்பெண்ணெயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பாமிற்றிக், ஐந்தில் ஒரு பங்கு ஸ்ரியறிக். ஒலெயிக் நூற்றுக்கு 40 முதல் 45 வரை. எஞ்சியதிற் பெரும்பகுதி லினோலெயிக். அதாவது நேரும் முடமும் கிட்டத்தட்டச் சரிபாதி. ஆகவேதான் வெயிலில் எண்ணெயாகவும் குளிரில் நெய்யாகவும் இரு வேடம் பூணுகின்றது. நல்லெண்ணெயில் நேரான அமிலங்கள் நூற்றுக்கு 15 அளவே; அது வன்னிக் குளிருக்கு அசைந்து கொடுக்காது. இனி, பாலை விதைக்கு வருவோம். விதை சிறிது, ஓடு கடினம். செக்காட்டுவோர் அதை நாடுவது அரிது. ஆனால் அதன் எண்ணெயில் ஒலெயிக் அமிலமே பாதிக்கு மேல். லினோலெயிக் மிகச் சொற்பம். இலுப்பையைக் காட்டிலும் இளகியது, எனினும் எளிதிற் சிக்குப் பிடியாதது. ஒரே காட்டில், ஒரே மழையில் வளரும் இரு சுற்றத்தாரிடையே இத்தனை வேறுபாடு!

வீட்டிலுள்ள இருவரையே பார்த்துவிட்டு நிற்பது நியாயமன்று. தூரத்து உறவினரையும் அழைக்கலாம்.

இமயத்தின் அடிவாரத்தில், நேபாளத்திலும் குமாவுனிலும் வளரும் ஒரு மரத்தை நேபாளியர் சியூரி என்பர். முன்னாளில் இதுவும் இலுப்பையும் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டன. இதன் விதைக்கொழுப்பில் பாமிற்றிக் மட்டும் நூற்றுக்கு 60 அளவு! ஸ்ரியறிக் மூன்று நான்கு பங்குதான். இது கோடையிலும் வெண்ணெய்க் கட்டியாகவே இருக்கும். மேற்கு ஆபிரிக்காவின் புல்வெளிகளில் மற்றொரு சுற்றத்தார் நிற்கிறார். அவர் ஷியா மரம். ஸ்கொத்லாந்து யாத்திரிகர் மங்கோ பார்க் 1796 இல் அந்நாட்டினூடே சென்றபோது, அம்மரத்து வெண்ணெய் உப்பிடாமலே ஆண்டு முழுவதும் கெடாதிருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். அதில் பாமிற்றிக் நாலைந்து பங்கே. ஸ்ரியறிக்கோ 40 பங்குக்கு அண்மையிலும் சில இடங்களில் அதற்கு மேலும் செல்லும். சியூரியும் ஷியாவும் இரண்டும் கட்டிக் கொழுப்பே. ஆனால் ஒன்று 16 ஆற் கட்டியானது, மற்றது 18 ஆற் கட்டியானது. நான்காவது உறவினர் மொரோக்கோ நாட்டு ஆர்கன். ஆடுகள் கிளையில் ஏறி நின்று மேயும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் எண்ணெயில் ஒலெயிக் 45 அளவு, லினோலெயிக் மூன்றில் ஒரு பங்கு. அது உறையவே உறையாது.

லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்து ஹில்டிச் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1940 இல் வெளியிட்ட பெருநூலில், விதைக் கொழுப்புக்களைத் தாவரக் குடும்பங்களின்படி வரிசைப்படுத்தி, குடும்பத்துக்குக் குடும்பம் எண்ணெயின் சாயல் தொடர்வதைக் காட்டினார். அவர் கண்டது உண்மை. இலுப்பைக் குடும்பத்தில் எங்கு சென்றாலும் இந்த நான்கு அமிலங்களே ஆட்சி செலுத்தும். தென்னைக்குரிய லோரிக் அமிலமோ ஆமணக்குக்குரிய ரிசினோலெயிக் அமிலமோ இங்கே தலையெடுப்பதில்லை. ஆனால் நால்வரில் யார் அரசர் என்பதிலேதான் மரத்துக்கு மரம் சண்டை.

அச்சண்டைக்கு இன்றைய உயிரிரசாயனம் தரும் விளக்கம் மிக எளியது. எந்த விதையும் இவ்வமிலங்களைத் தனித்தனியே செய்வதில்லை. ஒரே சங்கிலியை இரண்டிரண்டு காபனாக நீட்டிச் செல்கின்றது. 16 எட்டியதும் ஒரு நொதியம் வெட்டிவிட்டால் பாமிற்றிக். வெட்டுபவன் சோம்பினால் சங்கிலி 18 ஆகி ஸ்ரியறிக். அதிலே அடுத்த நொதியம் இரண்டு ஐதரசன் அணுக்களைக் கழற்றினால் ஒலெயிக். இன்னொருவன் மீண்டும் கழற்றினால் லினோலெயிக். பட்டறை ஒன்று, தொழிலாளர் நால்வர். சியூரியில் வெட்டுபவன் மிகுந்த சுறுசுறுப்பு. ஷியாவில் ஐதரசன் கழற்றுபவன் பாதி வேலையை விட்டுவிடுகிறான். ஆர்கனில் கடைசித் தொழிலாளி கைதேர்ந்தவன். இலுப்பையில் எவனும் முந்தவில்லை.

காலநிலைக்கும் இதிற் பங்குண்டு. சூரியகாந்தி விதை முற்றும் நாட்கள் குளிர்ந்திருந்தால் லினோலெயிக் கூடும். வெப்பமாயிருந்தால் ஒலெயிக் கூடும். ஷியா மரத்திலேயே மேற்கு ஆபிரிக்காவில் விளைவது கெட்டி. உகண்டாவில் விளைவது இளகியது. ஆகவே ஏதேனும் ஒரு நூலில் இலுப்பெண்ணெய்க்கு ஓர் எண்ணும் மற்றொரு நூலில் வேறோர் எண்ணும் கண்டு மாணவர் மயங்க வேண்டா. எந்த ஊர் மரம், எந்த மாதத்து விதை என்று கேட்பதே முறை. 1952 இல் ஜேம்சும் மார்ட்டினும் வாயுநிறப்பகுப்பு முறையை அமைத்துத் தந்தபின், முன்னாளில் வாரக்கணக்காகக் காய்ச்சி வடித்துப் பிரித்த அமிலங்களை ஒரு துளி எண்ணெயைக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிடலாம்.

இதிலே பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. சொல்லாமற்போக மனம் வரவில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் வைத்தியராயிருந்த கோனிக் என்பவர் நமது இலுப்பையைக் குறித்தெழுத, லினேயசு 1771 இல் அதனை உலகத்துக்கு அறிவித்தார். விலங்கியற் பெயர், தாவரவியற் பெயர் எல்லாம் இலத்தீனில் இருக்க, வணிகர் மட்டும் தமிழ்ப் பெயரையே பிடித்துக்கொண்டு ‘இலிப்பே’ என்றனர். பின்னர் போர்ணியோத் தீவிலிருந்து வேறொரு மரத்தின் கொழுப்பு கப்பலேறியது. அஃது இலுப்பைக்கு எவ்விதச் சுற்றமுமில்லை. ஆனாலும் அதற்கும் ‘இலிப்பே’ என்றே பெயர் ஒட்டிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டிற் செய்த சொக்கிலேற் சட்டத்தில், கொக்கோக் கொழுப்போடு நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாமற் சேர்க்கத்தக்கவையென ஆறு கொழுப்புக்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஷியா உண்டு, ‘இலிப்பே’யும் உண்டு. அந்த இலிப்பே போர்ணியோ மரமே. பெயரைக் கொடுத்தவர் வாசலில் நிற்க, பெயரை எடுத்தவர் பந்தியில் அமர்ந்திருக்கிறார்!

சந்தை மதியாவிடினும் வன்னி மதித்தது. இலுப்பெண்ணெயில் லினோலெயிக் அளவோடிருப்பதால் காற்றுப் பட்டுப் பிசினாகித் திரியை அடைப்பதில்லை. கோயில் விளக்குக்கு அதனை வைத்தவர் அமிலக் கணக்கு அறிந்து வைத்தவரல்லர், எரித்துப் பார்த்து அறிந்தவர். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கிலே சபோனின் என்னும் நுரைப்பொருள் உண்டு. அதனாலேயே அரப்பாகத் தேய்த்து முழுக உதவிற்று. அதே பொருள் நீரிற் கலந்தால் மீன் மிதக்கும். ஆகவே மாட்டுக்குத் தீனியாக அதை வைப்பதில்லை. 1990 இன் பின் வடக்குக்கு மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டு, ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டுப் பிள்ளைகள் படித்த ஆண்டுகளில், விளக்கெண்ணெய் என்ற சொல்லின் பெறுமதியை ஒரு தலைமுறை முழுவதும் மீண்டும் கற்றது.

இன்று அந்நெருக்கடி இல்லை. மின்சாரம் உண்டு, கடையிற் சவர்க்காரம் உண்டு. ஆகையால் இலுப்பையை விதைக்காக அன்றிப் பலகைக்காகப் பார்க்கும் கண்ணே பெருகிவிட்டது. இங்கேதான் எண்ணெயின் குணம் மறுபடி குறுக்கிடுகின்றது. நெல்லையும் பயற்றையும் உலர்த்தி அடுத்த போகத்துக்கு வைத்திருக்கலாம். இலுப்பை விதையை அப்படி வைக்க இயலாது. எண்ணெயும் ஈரமும் நிறைந்த அவ்விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். சில வாரங்களே அதன் முளைக்கும் வலு. விதைக் களஞ்சியம் எதுவும் அதனை எளிதிற் காக்க மாட்டாது. நிற்கும் மரமே களஞ்சியம். நட்ட கன்று காய்க்கவோ பத்தாண்டுக்கு மேற் செல்லும். எனவே ஒரு கரையிலுள்ள இலுப்பைகளை வெட்டிவிட்டால், அக்கரைக்கேயுரிய எண்ணெய்க் கலவை இன்னதென்று அளந்து பார்க்கும் வாய்ப்பும் அவற்றோடு விறகாகிவிடும்.

கிளிநொச்சிப் பாடசாலை மாணவர்கள் செய்யத்தக்க பரிசோதனை ஒன்றைக் கூறுகிறேன். இதற்கு ஆய்வுகூடம் வேண்டா. இலுப்பைப் பருப்பை ஓடு நீக்கி இடித்து நீரிற் கொதிக்கவிடுங்கள். மேலே மிதப்பதை அகப்பையால் வழித்தெடுங்கள். பாலை விதையிலும் அவ்வாறே செய்யுங்கள். விதை நிறையத் தேவைப்படும், பொறுமையும் தேவைப்படும். வாயில் வைக்க வேண்டா. இவ்விரண்டையும், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றையும் நான்கு சிறு போத்தல்களில் இட்டு, மார்கழியில் ஒரு வாரம் விடியுமுன் வெளியே வைத்து, எது எந்த வெப்பநிலையிற் கலங்குகிறது என்று வெப்பமானியோடு குறித்து வையுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகையளவில் உறையத் தொடங்கும். அதன் காரணம் முடமின்மை. சங்கிலி குறுகியதாயிருந்தும் உறைகின்றது என்பதைக் கவனியுங்கள். இலுப்பை அதற்கு முந்துகிறதா பிந்துகிறதா என்பதை உங்கள் ஊர் மரமே சொல்லட்டும்.

விதை பொறுக்கப் போகிறவர்கள் விடியற்காலையிற் போவது நல்லது. இரவெல்லாம் வௌவால்கள் பழத்தைத் தின்று விதையை உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். கூடையிற் போடும்போது பத்துக்கு ஒன்றை ஆற்று மணலிலேயே விரலால் அழுத்திவிட்டு வாருங்கள்.