ஐஸ் பெட்டியா? மூடியைத் தட்டிப் பாருங்கள்

கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் ஐஸ் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது நாள் கணக்குதான். ‘இதில் 2 நாள் ஐஸ் நிற்கும், அதில் 5 நாள் நிற்கும்.’ விலையோ பல மடங்கு வித்தியாசப்படும். எந்த வெயிலில், எத்தனை கிலோ ஐஸ் போட்டு, மூடியை எத்தனை தடவை திறந்து பார்த்த கணக்கு அது என்று தெரியாதவரை அந்த 5 நாளுக்கு அர்த்தமில்லை. ஓரிரு இரவு தங்கப் போகிறவர்களுக்கு விலை குறைந்த பெட்டியே தாராளம் என்பது என் கட்சி.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 45 லிட்டர் பெட்டி, சுற்றிலும் 3 செ.மீ. பாலியூரித்தேன் ஃபோம், வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சுவர் வழியே இறங்கும் வெப்பம் ஒரு நாளில் ஏறத்தாழ 6 கிலோ ஐஸைக் கரைக்கும். விலை கூடிய பெட்டிபோல ஃபோம் 5 செ.மீ. இருந்தால் 4 கிலோ. ஆக, அத்தனை பணம் கொடுத்து மிச்சம் பிடிப்பது நாளொன்றுக்கு 2 கிலோ ஐஸ். இதே 2 கிலோவை விழுங்க வெயிலில் கிடந்த ஆறு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு அவற்றை இறக்கவே அவ்வளவும் போய்விடும். முந்தைய இரவே பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் முதல் நாள் மிச்சம் கைக்கு வந்தாயிற்று, காசில்லாமல்.

அதற்காக மலிவாகக் கிடைப்பதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. சிக்கல் பெரும்பாலும் மூடியில்தான். சுவரில் ஃபோம் அடைத்துவிட்டு மூடியை வெறும் கூடாக விட்டிருப்பார்கள். விரலை மடக்கி முதலில் சுவரையும் பிறகு மூடியையும் தட்டிப் பாருங்கள். மூடி மட்டும் காலி டப்பாபோல ஒலித்தால் வேறு பெட்டியைப் பாருங்கள். அடுத்து, விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடுக்கில் காற்றும் போய்வரும். மீன் மார்க்கெட் தெர்மகோல் பெட்டி இன்னும் மலிவாயிற்றே என்றால், குளிர் காப்பதில் அது மோசமில்லைதான். ஆனால் வண்டியில் நாலு முறை ஏற்றி இறக்கினால் மூலை உதிரும், மூடி ஆடும்.

மலிவுப் பெட்டியில் கீல் சீக்கிரம் உடைகிறது என்பார்கள். உண்மைதான். மேலே ஏறி உட்காருகிறவர்களுக்கும் மாதம் இருமுறை கிளம்புகிறவர்களுக்கும், பிளாஸ்டிக் தூளை அச்சில் சுழற்றிச் சூடாக்கி வார்க்கும் தடித்த பெட்டியே சரி. நான்கைந்து நாள் ஐஸ் கிடைக்காத இடத்துக்குப் போகிறவர்களுக்கும் அதுதான். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டே இரண்டு சாதாரணப் பெட்டி வாங்கிவிடலாம். குழந்தைகள் நிமிஷத்துக்கொரு தரம் திறக்கும் தண்ணீரும் ஜூஸும் ஒன்றில். இறைச்சியும் பாலும் இறுக்கமாக மூடிய டப்பாக்களில் இன்னொன்றில், பெரிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே. இந்த இரண்டாவதை அடுப்பு பற்றவைக்கும்போது மட்டும் திறந்தால் போதும்.