எடிட்டிங்குக்கு மேக்கா, விண்டோஸா? முதலில் கேமராவைக் கேளுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போய் "வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் போடணும்" என்று சொன்னாலும், முதலில் வரும் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். அப்புறம் ஐ7, ஐ9, கிராஃபிக்ஸ் கார்டு, கலர் விளக்கு எரியும் கேபினெட் என்று பேச்சு ஓடும். ஆப்பிள் பக்கம் போனால் தேர்ந்தெடுக்க நாலைந்து மாடல்கள்தான். விலையைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பி விடுவார்கள். உங்கள் கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்ற கேள்வி இரண்டு இடங்களிலுமே பெரும்பாலும் எழுவதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரு மாவட்டத் தலைநகரில் கல்யாண வீடியோ செய்யும் சின்ன ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், மூன்று கேமராக்கள். 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மூன்று கேமராக்களும் தலா ஐந்து மணி நேரம் ஓடினால் 675 ஜிபி. ஒரே ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு.

இந்த அளவுக்குள் அடங்குவதே எச்.264, எச்.265 போன்ற சுருக்க முறைகளால்தான். இவை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதி வைப்பதில்லை. அங்கங்கே ஒரு முழுப் படம், நடுவில் என்னென்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். சுருக்கெழுத்து நோட்டு மாதிரி: இடம் குறைவு, ஆனால் படிக்கும்போதெல்லாம் விரித்தாக வேண்டும். டைம்லைனில் தாலி கட்டும் நொடியைத் தேடி முன்னும் பின்னும் இழுக்கும்போது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது. ப்ரிவியூ திக்கித் திணறுவதன் பெரும்பாலான ரகசியம் இதுதான். ஐ9 வாங்கியும் திணறுகிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்த விரிக்கும் வேலைக்கென்று சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறதா என்பதுதான் அங்கே விஷயம்.

இங்கேதான் மேக்கும் விண்டோஸும் பிரிகின்றன. சோனி ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற நிறத் தரத்தில் எச்.265 பதிவு தருகின்றன. மணமேடை விளக்குகளில் முகத்தின் நிறத்தைப் பின்னால் சரிசெய்ய அது பெரிய வசதி. ஆனால் அதை விரிக்கும் வன்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இல்லை. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்புகள் அனைத்திலும் உண்டு. இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் 11ஆம் தலைமுறையிலிருந்து உண்டு. என்விடியா கார்டுகளிலோ, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதல் முறையாக வந்தது. அதற்கு முந்தைய வரிசையில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் இந்த ஒரு வேலையை அது செய்யாது.

இதில் இன்னொரு கண்ணி. இன்டெல்லில் அந்த விரிக்கும் பகுதி, சிப்போடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸில் இருக்கிறது. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள சிப்புகளில் அந்த கிராஃபிக்ஸே கிடையாது. அதனால்தான் விலை கொஞ்சம் குறைவு. "தனியா கார்டு போடுறோமே, எஃப் போதும் சார்" என்று கடையில் சொல்வது கேம் ஆடுகிறவருக்குச் சரியான யோசனை. ஆர்டிஎக்ஸ் 50க்கு முந்தைய கார்டைப் போடும் கல்யாண எடிட்டருக்கு அது, மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய்க்காகத் தினமும் ஒரு மணி நேரத்தை இழக்கும் வியாபாரம்.

கையில் இருப்பது பழைய மெஷின், புதிதாக வாங்க வழியில்லை என்றாலும் கதவு அடைபடவில்லை. கேமரா மெனுவிலேயே ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதும் இன்ட்ரா முறைக்கு மாறலாம். 4கேயில் விநாடிக்கு 250 மெகாபிட் ஆகும், கார்டு சீக்கிரம் நிறையும், ஆனால் எடிட் வழுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் ப்ராக்ஸி: மூலப் பதிவுக்குக் குறைந்த தரத்தில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் மூலத்தோடு இணைத்து ரெண்டர் போடுவது. பிரிமியர், ஃபைனல் கட், டாவின்சி ரிசால்வ் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் தயாராக இருக்கும். புது மெஷினுக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் இதை ஒரு முறை செய்து பார்த்துவிடலாம்.

மென்பொருள் விஷயத்தில் உங்கள் விருப்பத்தைவிட, உங்களிடம் வேலை கொடுப்பவர் எதில் வேலை செய்கிறார் என்பதுதான் முக்கியம். நம் ஊர் கல்யாண ஸ்டுடியோக்களில் எடியஸ் பரவலாகப் புழங்குகிறது. பாட்டோடு சேர்த்துத் தயார்நிலையில் விற்கப்படும் ப்ராஜெக்ட்களை வாங்கி, படங்களை மாற்றிப் போட்டு, வேலையை முடிப்பவர்கள் நிறைய. எடியஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். மூன்று ஸ்டுடியோக்களிடம் எடியஸ் வேலை வாங்கிச் செய்யும் ஒருவர், ஆசைப்பட்டு மேக் வாங்கினால் அந்த மூன்று வாடிக்கையும் கையைவிட்டுப் போகும். ஃபைனல் கட் புரோ இதற்கு நேர் எதிர். ஆப்பிளை விட்டு அது வெளியே வராது. பிரிமியர் இரண்டிலும் ஓடும், ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரிசால்வ் மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. அதன் இலவசப் பதிப்பே பலருக்குப் போதும்; கட்டணப் பதிப்பும் ஒரு தடவை பணம் கட்டினால் முடிந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு என் ஓட்டு ரிசால்வுக்குத்தான். நாளைக்கு மெஷின் மாறினாலும் பழகிய கை வீணாகாது.

ஒரே நிறுவனத்தை முழுதாக நம்பியவர்கள் 2011இல் சூடு கண்டார்கள். அந்த ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ், முந்தைய 7ஆம் பதிப்பில் செய்த ப்ராஜெக்ட்களைத் திறக்கவே இல்லை. கோபித்துக்கொண்டு பிரிமியருக்கும் ஆவிடுக்கும் போனவர்கள் ஏராளம். ஆனால் அதே கைவிடப்பட்ட 7ஆம் பதிப்பில்தான் 2019இல் வெளியான கொரியப் படமான 'பாரசைட்' எடிட் செய்யப்பட்டது. எடிட்டர் யாங் ஜின்மோவுக்கு அந்தப் படத்தால் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஓடுகிற மெஷினை, ஓடுகிற மென்பொருளோடு அப்படியே விட்டுவைப்பதும் ஒரு தொழில்முறைதான். ஒரு வேலையின் நடுவில் அப்டேட் பட்டனைத் தொடுபவர்களுக்கு இது புரிவதில்லை.

தமிழில் டைட்டில் போடுகிறவர்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. பிரிமியரில் 'செல்வன்', 'செல்வி' என்று அடித்தால் சில சமயம் கொம்பு, 'ச'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்தமைப்பு இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைட்டில் செய்து பழகியவர்கள், மெஷின் மாற்றும்போது அந்த எழுத்துருக்களையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் குலைந்து கிடக்கும்.

மண்டபத்திலேயே உட்கார்ந்து வெட்டி, அன்று மாலையே எல்இடி திரையில் ஓட்டும் ஸ்பாட் எடிட் செய்பவர்களுக்கு மேக்புக்கைத்தான் சொல்வேன். கேமிங் லேப்டாப்புகள் பிளக்கைப் பிடுங்கினால் கிராஃபிக்ஸ் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் ரெண்டர் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆப்பிள் சிப்புகளில் பேட்டரியிலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பும் நல்ல யுபிஎஸ்ஸும் போதும். ரேம் போதவில்லை என்றால் ஆறு மாதம் கழித்துச் சேர்க்கலாம், ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

லினக்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் கூடங்களில் அது சாதாரணம். கல்யாண எடிட்டிங்குக்கு, எச்.264 பதிவுகளை ரிசால்வ் இலவசப் பதிப்பில் திறப்பதிலேயே லினக்ஸில் தகராறு வரும். பொழுதுபோக்காகப் பழகலாம்.

எதை வாங்கினாலும் மொத்தத் தொகையில் கால் பங்கை டிஸ்குகளுக்கு ஒதுக்குங்கள். ஆப்பிளின் புரோரெஸ் 422 வடிவத்துக்கு மாற்றினால் 4கே ஒரு மணி நேரம் 220 ஜிபியைத் தாண்டும். 256 ஜிபி உள்ள மேக்கில் இதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். வெளியே ஒரு எஸ்எஸ்டி கட்டாயம். இரண்டு வகை மெஷினுக்கும் இடையே டிஸ்க் போய் வருமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்கை விண்டோஸ் படிக்கவே படிக்காது. எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஓடும்; ஆனால் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் ஃபைல்கள் சிதைய வாய்ப்பு அதிகம். எக்ஸ்ஃபேட்டில் இருப்பதற்கு எப்போதும் இன்னொரு நகல் இருக்கட்டும்.

பழைய மெஷின் வாங்க நினைப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் இன்டெல் மேக்குகளுக்கு 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. எம்1 மேக்குகள் இன்னும் நன்றாக உழைக்கும். ஆனால் 8 ஜிபி ரேமோடு வருவதை விலைக்காக எடுக்காதீர்கள், அதில் பின்னால் ரேம் சேர்க்க முடியாது. எந்த மெஷினானாலும், உங்கள் கேமராவில் எடுத்த நாலு கிளிப்பை ஒரு பென் டிரைவில் கொண்டு போங்கள். மெஷினின் டிஸ்கில் அவற்றை இறக்கி, மூன்று லேயராக டைம்லைனில் அடுக்கி, ஒரு கலர் கரெக்‌ஷனும் போட்டு இழுத்துப் பாருங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடை.