பத்தில் எட்டு தோல்வி... ஆனாலும் மறக்க முடியாத குழு!



பத்து ஆட்டம் ஆடி எட்டில் தோற்றுப்போன ஒரு கல்லூரிக் குழுவை, ஐம்பது வருஷம் தாண்டியும் ஒரு ஊரே கொண்டாடுகிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ நதிக்கரையில் ஹண்டிங்டன் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற மார்ஷல் பல்கலைக்கழகத்தின் புட்பால் குழுவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

புட்பால் என்றதும், நம்ம பிள்ளைகள் தெருவில் உதைத்து ஆடுவதை நினைக்காதீர்கள். இது வேறு. தலையில் கவசம் மாட்டி, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை நடக்கும். அந்த மூன்று மாசமும் கல்லூரி இருக்கிற ஊர்களில் திருவிழாதான்.

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா குழுவோடு மோதி, 17க்கு 14 என்ற கணக்கில் தோற்றுவிட்டு, மார்ஷல் குழுவினர் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். மழையும் மூடுபனியுமான இரவு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. இறங்குவதற்குள் மலைச்சரிவில் மரங்களில் மோதி விமானம் நொறுங்கியது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 37 பேர் ஆட்டக்காரப் பிள்ளைகள். தலைமைப் பயிற்சியாளரும் உதவியாளர்களும் போனார்கள். குழுவை உற்சாகப்படுத்தக் கூடவே போயிருந்த ஊர்ப் பெரியவர்கள் 25 பேரும் போனார்கள். அவர்களில் டாக்டர்கள் உண்டு, ஜோடியாகப் போன கணவன் மனைவிகளும் உண்டு. ஒரே ராத்திரியில் 70 குழந்தைகள் அப்பாவையோ அம்மாவையோ இழந்தன. அதில் 18 குழந்தைகளுக்கு இருவருமே இல்லாமல் போய்விட்டார்கள். படிக்கும்போதே வயிறு கலங்குகிறது.

ஆட்டக்காரர்களில் ஆறு பேர் யார் யார் என்று அடையாளமே தெரியவில்லை. அந்த ஆறு பேரையும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கிற ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இனிமேல் இந்த ஆட்டமே வேண்டாம், குழுவைக் கலைத்துவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. நம்ம வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் பொங்கல், தீபாவளி கிடையாது. 37 பிள்ளைகளைப் பறிகொடுத்த இடத்தில், வருஷம் திரும்புவதற்குள் விளையாட்டா என்று எந்தத் தாய்க்கும் மனசு கேட்கத்தானே செய்யும்? ஆனால் காயம்பட்டதால் அன்றைக்குப் போகாமல் தப்பித்த நேட் ரஃபின் போன்ற மிச்சமிருந்த பிள்ளைகள், ஆடியே தீர வேண்டும் என்று நின்றார்கள். ஆடுவது என்றே முடிவாயிற்று.

முடிவெடுத்தால் போதுமா? ஆள் வேண்டாமா? பயிற்சியாளராக வர ஒருவர் ஒத்துக்கொண்டு, சில நாளிலேயே வேண்டாம் என்று திரும்பிவிட்டார். பிறகு ஒஹையோவில் சின்னக் கல்லூரி ஒன்றில் இருந்த ஜேக் லெங்யெல் பொறுப்பேற்றார். காரில் வந்ததால் விபத்தில் தப்பிய உதவிப் பயிற்சியாளர் ரெட் டாசன், மனப் பாரத்தோடு ஒரே ஒரு வருஷம் கூட நின்று கை கொடுத்தார்.

அந்தக் காலத்தில் முதல் வருஷ மாணவர்கள் பெரிய குழுவில் ஆடக்கூடாது என்று சட்டம். மார்ஷலுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். மற்ற விளையாட்டு ஆடுகிற பையன்களையும் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். உதைத்தே பழகிய, நம்ம ஊர் மாதிரி கால்பந்து ஆடுகிற பையன் ஒருவன்தான் பந்தை உதைக்கிறவன்! அதே மாநிலத்தில் இருந்த போட்டிக் கல்லூரியின் பயிற்சியாளர் பாபி பௌடன், தங்களுடைய ஆட்ட முறையையே மனசாரச் சொல்லிக்கொடுத்தார். போட்டியாளர் என்று பார்க்காத அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல!

1971ல் முதல் ஆட்டம் 29க்கு 6 என்று தோல்வி. செப்டம்பர் 25ந் தேதி சொந்த ஊரில் சேவியர் குழுவோடு ஆட்டம். விபத்து நடந்து பத்து மாசம்தான் ஆகியிருந்தது. கடைசி நிமிஷத்தில் சேவியர் 13, மார்ஷல் 9. கடைசி ஒரே ஒரு வாய்ப்பு. ரெஜி ஆலிவர் பந்தை எறிய, டெரி கார்ட்னர் அதைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டார். 15க்கு 13! ஆட்டம் முடிந்தும் கூட்டம் வெகுநேரம் கலையவில்லையாம். அத்தனை நாள் அழுத ஜனம், அன்றைக்கு வேறு விதமாக அழுதது.

சினிமாவாக இருந்தால் அதோடு 'சுபம்' போட்டிருப்பார்கள். வாழ்க்கை அப்படியா? அடுத்த வாரமே 66க்கு 6 என்று படுதோல்வி. பிறகு சில ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. இடையில் பௌலிங் கிரீன் குழுவை 12க்கு 10 என்று ஜெயித்தார்கள். அவ்வளவுதான், மொத்தம் இரண்டே வெற்றி. நல்ல குழுவாகத் தேற வருஷக்கணக்கில் ஆயிற்று. தோற்ற ஆட்டங்களை விட ஜெயித்த ஆட்டங்கள் அதிகம் என்று சொல்ல 1984 வரை காத்திருந்தார்கள். 1992லும் 1996லும் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார்கள். இந்தக் கதை 2006ல் 'வீ ஆர் மார்ஷல்' என்று சினிமாவாகவும் வந்தது.

மறுபடி ஆடியதால் போனவர்களை மறந்துவிட்டார்களா? இல்லவே இல்லை. கல்லூரி வளாகத்தில் அவர்கள் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. வருஷா வருஷம் நவம்பர் 14ந் தேதி எல்லாரும் கூடி நிற்க, அதை நிறுத்துவார்கள். குளிர்காலம் முழுக்க ஓசையில்லாமல் கிடக்கும். வசந்தம் வந்ததும் மறுபடி திறந்துவிடுவார்கள். 2001ல் காலமான நேட் ரஃபினை, அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே தோழர்களுக்குப் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

துக்கத்தை ஆற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி. மறுபடி அடுப்பு மூட்டுகிறவள், மறுபடி வேலைக்குக் கிளம்புகிறவள், மறுபடி கொஞ்சம் சிரிக்கிறவள்... இவர்களைப் பார்த்து, "அதுக்குள்ள மறந்துட்டா பாரு" என்று மட்டும் சொல்லாமல் இருப்போம். நின்றுபோன ஊற்று மறுபடி பெருகுவது மறதியினால் இல்லை. என்ன தோழிகளே, சரிதானே?

- ஒரு வாசகி, விருதுநகர்.