ரோட்டின் 'ஜாதகம்' சொல்லும் 8 கிலோ கட்டி! 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து உடைக்கிறார்கள்

பார்வைக்கு எல்லா காங்கிரீட் ரோடும் ஒரே சாம்பல் நிறம்தான். நல்ல கலவையா, மட்டமான கலவையா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. என்ஜினீயராலும் முடியாது!

அதைச் சொல்வது ஒரு சின்ன கட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 சென்டிமீட்டர். எடை சுமார் 8 கிலோ. வேலை செய்கிறவர்கள் இதை "கியூப்" என்பார்கள்.

சென்னை கிண்டியில் 1957-ம் ஆண்டு தொடங்கிய நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சர்தார் படேல் ரோட்டில் தினமும் பஸ்சில் போகிறவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ரோட்டுக்குப் போகும் மண், ஜல்லி, தார், சிமெண்டு இவற்றைச் சோதிக்கும் இடம் அது. பெரிய வேலை என்றால், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு சோதனைக் கூடம் போட்டுவிடுவார்கள்.

35 குத்து

ரோட்டில் கொட்டும் கலவையிலேயே கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் போடுகிறார்கள். 3 அடுக்காக நிரப்ப வேண்டும். கையால் குத்துவதானால் ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 தடவை குத்த வேண்டும். உள்ளே காற்று தங்கக்கூடாதே, அதற்காக!

மறுநாள் அச்சைக் கழற்றி கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். 7-ம் நாள் சிலவற்றை உடைத்து நாடி பார்ப்பார்கள். தீர்ப்பு 28-ம் நாள்தான்.

92 டன் பாரம்

காங்கிரீட் ரோட்டுக்கு வழக்கமாகப் போடுவது "எம்-40" கலவை. அந்தக் கட்டியை எந்திரத்தில் வைத்து அமுக்கினால் சுமார் 92 டன் தாங்க வேண்டும். சரக்கு ஏற்றிய 5 லாரியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பாரம்!

கடைசியில் "டப்" என்று நாலு பக்கமும் சிதறும். நடுவில் உடுக்கை மாதிரி ஒரு துண்டு நின்றால் சரியாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம். 3 கட்டிகளின் சராசரிதான் கணக்கு. அதில் ஒன்று சராசரியைவிட 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அந்த மாதிரியே செல்லாது.

வண்டி ஏறும்போது ரோடு வளைந்து கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக 70 சென்டிமீட்டர் நீள "பீம்" செய்து அதையும் ஒடித்துப் பார்க்கிறார்கள்.

"தண்ணி விடுப்பா!"

கலவை கெட்டியாக இறங்கினால் பரப்புகிறவர்களுக்குக் கஷ்டம். "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று ஒரு குரல் வரும். வந்தது வினை! சிமெண்டுக்கு வேண்டிய தண்ணீர் போக மீதி பிறகு காய்ந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் பொத்தல். பலம் போச்சு.

இதைப் பிடிக்க 30 சென்டிமீட்டர் உயர தகரக் கூம்பு ஒன்று இருக்கிறது. கலவையை நிரப்பி கூம்பைத் தூக்கினால், எவ்வளவு சரிகிறது என்று 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். அளவுக்கு மேல் சரிந்தால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். அனுப்புகிற தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

கட்டியும் பொய் சொல்லும்

கியூபுக்கு மட்டும் சிமெண்டைத் தாராளமாகப் போட்டு தனிக் கலவை செய்வது பழைய தந்திரம். கட்டி பாஸ், ரோடு பெயில்! அதனால்தான் எந்த லாரியில் மாதிரி எடுப்பது என்பதை காண்டிராக்டரின் ஆள் முடிவு செய்யக்கூடாது என்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பாஸ்டன் நகரில் பூமிக்கு அடியில் நெடுஞ்சாலை போட்டபோது, 90 நிமிடம் தாண்டிய பழைய கலவையில் தண்ணீர் ஊற்றி, சீட்டில் பொய் எழுதி, புதுசு என்று அனுப்பினார்கள். 2006-ல் 6 பேர் கைது. சப்ளை செய்த கம்பெனி 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் கட்ட சம்மதித்தது.

நியூயார்க்கில் இன்னும் வேடிக்கை. 2008-ல் அங்கே வழக்கில் சிக்கியது சோதனைக் கூடமே! சோதனை செய்யாமலே முடிவு எழுதிக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. 2010-ல் கோர்ட்டு குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னது.

ரோட்டில் துளை

கட்டி தோற்றுப்போனால் என்ன ஆகும்? 28 நாளில் ரோடு எங்கேயோ போயிருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் எந்திரத்தால் வட்டமாகத் துளைத்து, உருளை மாதிரி ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். சராசரியாக, கியூபுக்குச் சொன்ன பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்தத் துண்டும் 75-க்குக் கீழே போகக்கூடாது.

அதிலும் தோற்றால் அந்தப் பகுதியை உடைத்து அள்ளிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். அந்தச் செலவு காண்டிராக்டர் தலையில்!