அது பூஞ்சை இல்லைம்மா!

போன மே மாசம் மாமா ஜெர்மனியிலிருந்து கீழ்க்கட்டளை வந்தார். பெட்டியில் ஆறு ரிட்டர் ஸ்போர்ட் சாக்லேட். 1932-ல ஜாக்கெட் பாக்கெட்டில் உடையாம அடங்கணும்னே சதுரமா செஞ்ச சாக்லேட் அது. பெட்டியை ஹாலில் வச்சிட்டு எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டோம். ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா, ஆறும் கூழ்! அவசரமா ஃப்ரிட்ஜுல வச்சேன். அடுத்த வாரம் கவரைப் பிரிச்சா மேல வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்தது. "பூஞ்சை புடிச்சிருச்சுடா"ன்னு அம்மா எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டாங்க. மாமா ஒண்ணும் சொல்லலை. ஆனா முகம் வாடிப்போச்சு.

அது பூஞ்சையே இல்லைங்க. அது கோகோ பட்டர். கோகோ விதையில் இருக்கிற கொழுப்பு.

ஒரே கார்பன் வைரமாவும் கிராஃபைட்டாவும் இருக்குன்னு படிச்சோமே, அதே மாதிரி கோகோ பட்டர் ஆறு விதமான படிகமா உறையும். அதுல ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேணும். பளபளப்பு, உடைக்கும்போது 'டக்'னு சத்தம் எல்லாம் அதால வர்றதுதான். உருகுநிலை சுமார் 34 டிகிரி. கையில உருகாம, 37 டிகிரி வாயில உருகும். ஃபேக்டரியில் சூட்டை ஏத்தி இறக்கி இந்த வடிவத்தைக் கொண்டு வர்றதுக்குப் பேர் டெம்பரிங். நம்ம மே மாச வெயிலில் உருகி, அப்புறம் இஷ்டத்துக்கு உறைஞ்சா வேற வடிவம் வந்துடும். கொழுப்பு மேல வந்து வெள்ளையா பூக்கும். சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. வழவழப்பு மட்டும்தான் போயிருக்கும்.

அப்போ அதே வெயிலில் நம்ம பெட்டிக்கடை 'சாக்லேட்' சிலது மட்டும் எப்படி கெட்டியா நிக்குது? கோகோ பட்டருக்குப் பதிலா ஹைட்ரஜனேட் பண்ணின தாவரக் கொழுப்பு போட்டிருப்பாங்க. அதுக்கு பேர் காம்பவுண்ட். விலை கம்மி, டெம்பரிங் தேவையில்லை. ஆனா நாக்குல மெழுகு மாதிரி ஒட்டும்.

ஜெர்மனி உட்பட ஐரோப்பிய யூனியன் முழுக்க இதை சாக்லேட்னு விக்க முடியாது. மில்க் சாக்லேட்னா கோகோ குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும். வேற தாவரக் கொழுப்பு அதிகபட்சம் 5 சதவீதம்தான். அதையும் லேபிளில் சொல்லணும். அனுமதிச்ச கொழுப்பு ஆறே ஆறு. அதுல மூணு நமக்குத் தெரிஞ்சதுதான்: சால் விதை, கோகம், மாங்கொட்டைப் பருப்பு!

அடுத்த விஷயம் அரைப்பு. துகள் சுமார் 30 மைக்ரானுக்கு மேல இருந்தா நாக்குக்கு நறநறன்னு தெரியும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 1834-ல ஆரம்பிச்ச லேமன் கம்பெனி மாதிரி மெஷின் செய்றவங்க, உருளைகளுக்கு நடுவுல சாக்லேட்டை நசுக்கி மைய அரைக்கிற வேலையை இண்டஸ்ட்ரியாவே வளர்த்தாங்க.

சரி, இவ்ளோ பெரிய ஃபேக்டரி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? 2000-க்கு அப்புறம் அமெரிக்காவில் சின்ன அளவில் சாக்லேட் செய்றவங்க இதே கேள்வியோட தேடினாங்க. அவங்களுக்குக் கிடைச்ச பதில், நம்ம கோயம்புத்தூர் டேபிள் டாப் வெட் கிரைண்டர்! மாவரைக்கிற அதே கருங்கல், அதே டிரம். ஒரு நாளுக்கு மேல விடாம ஓடுற மாதிரி மோட்டாரை மாத்தினா சாக்லேட் மெஷின் ரெடி. பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் ஊடுபயிரா கோகோவும் விளையுது. ஆக, 'ஃபாரின் டேஸ்ட்'டுக்கு மந்திரம் எதுவும் இல்லை. நல்ல கொழுப்பு, பொறுமையான அரைப்பு, சரியான சூடு. அவ்ளோதான்.

அதனால அடுத்த தடவை வாங்கும்போது கவரைத் திருப்பி, கோகோ பட்டர்னு இருக்கான்னு பாருங்க. வெள்ளை பூத்திருந்தா குப்பையில போடாதீங்க. சூடான பாலில் கரைச்சுக் குடிங்க.

இதெல்லாம் அம்மாகிட்ட விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு மாமாவுக்கு போன் போட்டாங்க. "தம்பி, அடுத்த தடவை மார்கழியில வாப்பா."