கோதுமைக்குள் மீண்டும் நுழையும் காட்டுப்புல்

சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் அரைக்கும் கோதுமை எந்தக் காட்டிலும் தானாக விளைந்ததில்லை. ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன், காஸ்பியன் கடலின் தென்கரைப் பக்கம், உழவர்கள் பயிரிட்ட பழைய கோதுமை ஒன்று ஏஜிலாப்ஸ் டௌஷியை என்னும் காட்டுப்புல்லோடு கலந்தது. முன்னதில் 28 குரோமோசோம்கள், புல்லில் 14. பிறந்த பயிரில் 42.

இந்தக் கலப்பு மிகச் சில முறைதான் நிகழ்ந்தது. அதனால் புல் தந்த மூன்றில் ஒரு பங்கில் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்கள் 1960-களில் விளைச்சலைப் பெருக்கின. ஆனால் பயிருக்குள் இல்லாத நோயெதிர்ப்பை, எத்தனை தலைமுறை பொறுக்கி விதைத்தாலும் பெற முடியாது. 1998-இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற தண்டுத் துரு நோய், பல நாட்டு ரகங்கள் நம்பியிருந்த எஸ்ஆர்31 மரபணுவையே முறியடித்தது. அந்த ஆபத்தை இன்றும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால்தான் வளர்ப்பாளர்கள் அந்தப் பழைய கலப்பைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். மெக்சிகோவிலுள்ள சிமிட் என்னும் பன்னாட்டு மையம் 1980-களிலிருந்து இதைப் பெரிய அளவில் செய்கிறது. அதே 28 குரோமோசோம்கள் கொண்ட துரும் என்ற கோதுமைப் பூவின் மகரந்தப் பைகளை இடுக்கியால் அகற்றி, காட்டுப்புல்லின் மகரந்தத்தைத் தூவுகிறார்கள். உருவாகும் கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே பட்டினியால் மடியும். அதைப் பிரித்தெடுத்து ஊட்டக் கரைசலில் வளர்க்க வேண்டும். முளைக்கும் நாற்றில் 21 குரோமோசோம்களே இருப்பதால் அது மலடு. கோல்ச்சிசின் மருந்து கொடுத்தால் எண்ணிக்கை இரட்டித்து 42 ஆகிறது, விதையும் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் செங்காந்தளின் விதையிலும் இருப்பது இதே கோல்ச்சிசின்தான்.

இப்படிப் பிறந்த செடியை நேராக வயலுக்குக் கொண்டுபோக முடியாது. உயரமாக வளரும், உமி கெட்டியாக இருப்பதால் கதிரடிப்பதும் கடினம். நல்ல ரகங்களோடு திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டிய குணத்தை மட்டும் தக்கவைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பொறுமைக்குப் பலன் உண்டு. சீனாவின் சிச்சுவானில் 2003-இல் வெளியான சுவான்மாய் 42 இந்த வழியில் வந்ததுதான். மாநிலச் சோதனைகளில் அது ஹெக்டேருக்கு 6 டன்னுக்கு மேல் விளைந்து, ஒப்பீட்டு ரகத்தை 20 சதவீதத்துக்கு மேல் முந்தியது. மஞ்சள் துருவையும் தாங்கியது.

யுஜி99-ஐ எதிர்க்கும் எஸ்ஆர்33 மரபணு கோதுமைக்கு வந்ததும் இதே காட்டுப்புல்லிலிருந்துதான். சாம்பசிவம் பெரியண்ணன் முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வுக் குழு 2013-இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியது.